நடேசன் பூங்காவில் பறை காயும் நேரம்: சென்னை சங்கமம், ஒளிப்படக்காரனின் நாட்குறிப்பு

போகி

பொங்கலை ஒட்டிச் சென்னைப் பூங்காக்களில் நடக்கும் சங்கமம் விழாவைப் படமெடுப்பதற்காக, இந்த முறை பண்டிகைக்கு ஊரில் தங்காமல் நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறி இன்று காலை எழும்பூர் வந்து சேர்ந்தேன். 2007-இல் தொடங்கி, 2011-க்குப் பிறகு நின்றுபோய், 2023-இல் தமிழ்நாடு அரசின் கலை பண்பாட்டுத் துறையால் ‘சென்னை சங்கமம் – நம்ம ஊரு திருவிழா’ என்ற பெயரில் மீண்டும் உயிர்பெற்ற விழா இது. தமிழகத்தின் எல்லாத் திசைகளிலிருந்தும் நாட்டார் கலைக்குழுக்களை வரவழைத்து, நகரத்தின் பல இடங்களில் ஒரே மாலையில், நுழைவுக் கட்டணம் ஏதுமின்றி, மக்கள் முன் நிகழ்த்தச் செய்வது இதன் முறை. தீவுத்திடல், எலியட்ஸ் கடற்கரை போன்ற பெருவெளிகளில் நடப்பவையே செய்தித்தாள்களில் அதிகம் இடம்பெறுகின்றன. நான் தேர்ந்துகொண்டது தியாகராய நகர் வெங்கடநாராயணா சாலையில் இருக்கும் நடேசன் பூங்காவை. அக்கா வீடு மேற்கு மாம்பலத்தில் இருப்பதால் நடந்தே போய்வரலாம் என்பது ஒரு வசதி. ஆனால் முதன்மையான காரணம், நடைபாதைகளும் மரங்களும் சூழ்ந்த சிறிய பூங்காவில் கலைஞருக்கும் பார்ப்பவருக்கும் நடுவில் உள்ள தூரம் மிகக் குறைவு என்பதே.

அந்தத் தூரத்தைப் பற்றித்தான் இந்தக் குறிப்புகள் முழுவதிலும் எழுத நினைக்கிறேன். பறையும் நையாண்டி மேளமும் கணியான் கூத்தும் மேடைக்காகப் பிறந்தவை அல்ல. அவை தரையில் நின்று, சுற்றிலும் ஆட்கள் சூழ, நான்கு பக்கமும் முகம் காட்டி நிகழ்த்தப்படுபவை. பறையாட்டத்தில் அடவு மாறும்போது வரிசை வளைகிறது, வட்டமாகிறது, எதிரெதிராகப் பிரிந்து மீண்டும் சேர்கிறது. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் ஒருவர் முகமும் இன்னொருவர் முதுகும் தெரியும். உயர்த்திக் கட்டிய மேடையில் ஏற்றியவுடன் அந்த வட்டம் கோடாகிவிடுகிறது. கலைஞர்கள் அனைவரும் ஒரே திசை நோக்கி நிற்கிறார்கள். படமெடுப்பவரும் கீழே ஒரே இடத்தில் நின்று அண்ணாந்து எடுக்க வேண்டியதாகிறது. பூங்காவில் மேடை போட்டிருந்தாலும் மேடைக்கு வெளியே மண்ணும் புல்லும் இருக்கின்றன. அந்த மண்ணில் நடப்பதை எடுப்பதற்காகவே வந்திருக்கிறேன்.

பிற்பகல் பூங்காவைச் சுற்றிப் பார்த்தேன். பகல் வெளிச்சத்தில் இடத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளாமல் இரவில் படமெடுக்க இறங்குவது எனக்குப் பழக்கமில்லை. மேற்கு வெயில் எந்த மரங்களுக்கிடையில் நுழைகிறது, மின்கம்பங்கள் எங்கே நிற்கின்றன, மேடைக்குப் பின்னால் கலைஞர்கள் தயாராவதற்கு எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள் என்பதையெல்லாம் குறித்துக்கொண்டேன். போகிப் புகை காலையிலிருந்தே நகரத்தின் மேல் படிந்திருந்தது. சுவாசத்துக்கு அது கேடுதான்; குழந்தைகளும் முதியவர்களும் அதனால் படும் துன்பத்தை ஆண்டுதோறும் பார்க்கிறோம். இன்று மாலை அந்தப் புகை வெயிலைச் சிதறடித்து, நிழல்களின் கறுப்பைக் குறைத்து, முகங்களின் மேல் மென்மையான வெளிச்சமாக இறக்கிக்கொடுத்தது.

நடேசன் பூங்கா என்ற பெயர் டாக்டர் சி. நடேசனாரை நினைவூட்டுவது. 1916-இல் நீதிக்கட்சி உருவாகக் காரணமாயிருந்த மூவரில் ஒருவர் அவர். மற்ற இருவரில் பிட்டி தியாகராயர் இந்தப் பகுதிக்கே பெயராக இருக்கிறார், டி.எம். நாயர் பக்கத்துச் சாலை ஒன்றின் பெயராக இருக்கிறார். மேல்தட்டுக்கு மட்டும் உரியவையாக இருந்த இடங்களை மற்றவர்களுக்கும் திறந்துவிடப் பாடுபட்டவர்களின் பெயர் தாங்கிய ஊரில், சாவு வீட்டுக் கருவி என்று சொல்லி ஒதுக்கப்பட்ட பறை, பண்டிகை நாளில் பூங்காவின் நடுவில் ஒலிப்பது எனக்கு மிகப் பொருத்தமாகவே பட்டது.

மாலையில் முதலில் வந்தது பறைக்குழுவே. மேடைக்குப் பின்னால், மரத்தடியில், வைக்கோலும் காகிதமும் போட்டுச் சிறிய தீ மூட்டினார்கள். பறையின் தோல் ஈரத்தை உறிஞ்சினால் தளர்ந்துவிடும். தளர்ந்த தோலிலிருந்து மந்தமான ஓசைதான் வரும். சென்னையின் கடற்காற்றும் மார்கழிப் பனியும் சேர்ந்தால் அரை மணி நேரத்திலேயே அந்தத் தளர்ச்சி தெரிகிறது. தீயின் அருகே பறையைச் சாய்த்துப் பிடித்து, விளிம்பிலிருந்து மெல்லத் திருப்பித் திருப்பிக் காட்டி, விரலால் சுண்டிச் சுண்டிக் கேட்டு, ஓசை ஏறியதும் எடுத்துவிடுகிறார்கள். அதிகம் காய்ந்தால் தோல் கிழியும், குறைவாகக் காய்ந்தால் பேசாது. இதற்குக் கருவி எதுவும் இல்லை, காதுதான் அளவு. இதைச் செய்பவர் குழுவில் மூத்தவர். இளைஞர்கள் தங்கள் பறைகளை அவரிடமே கொடுத்து வாங்கினார்கள்.

அந்தத் தீ வெளிச்சத்தில் எடுத்த படங்களே இன்றைய படங்களில் எனக்கு நிறைவு தந்தவை. 35 மி.மீ. லென்ஸ், அப்பர்ச்சர் எஃப் 2, ஷட்டர் நொடியில் 125-இல் ஒரு பங்கு, ஐ.எஸ்.ஓ. 3200. பிளாஷ் பயன்படுத்தவில்லை, இந்தப் பயணம் முழுவதும் பயன்படுத்துவதாகவும் இல்லை. தீயின் செம்மஞ்சள் நிறம் கறுத்த தோலின் மேல் விழும்போது உண்டாகும் ஆழத்தை பிளாஷின் வெண்ணிற வெளிச்சம் தட்டையாக்கிவிடும். அதைவிட முக்கியமாக, காதால் அளந்துகொண்டிருக்கும் ஒருவரின் முகத்தில் வெளிச்சத்தை வெட்டி அடிப்பது அவருடைய வேலையைக் குலைப்பதாகும்.

பொங்கல்

அக்கா வீட்டில் பொங்கல் பொங்கியதும் சாப்பிட்டுவிட்டு, வெயில் சாயத் தொடங்குமுன்பே பூங்காவுக்குப் போய்விட்டேன். அத்தான், “நிகழ்ச்சி ஆறு மணிக்குத்தானே, இப்பவே எதுக்குக் கிளம்புறீங்க?” என்று கேட்டார். ஆறு மணிக்கு நடப்பது எல்லாருடைய கைப்பேசியிலும் இருக்கும். மூன்று மணியிலிருந்து ஆறு மணி வரை நடப்பதைப் பார்ப்பவர் யாரும் இல்லை.

கலைக்குழுக்கள் வேன்களில் வந்து இறங்குகின்றன. கருவிகளை இறக்குவதிலேயே ஒவ்வொரு குழுவின் இயல்பும் தெரிகிறது. தஞ்சாவூர்ப் பக்கத்து நையாண்டி மேளக்காரர்கள் தவிலைத் துணி உறையோடு தூக்கி வந்து, தரையில் வைக்காமல் நாற்காலியில் வைத்தார்கள். நையாண்டி மேளத்தில் நாதசுரம் இரண்டு, தவில் இரண்டு, அவற்றோடு பம்பை, தமுக்கு, தாளம். இவ்வளவும் சேர்ந்து எழுப்பும் ஓசைதான் கரகாட்டத்தைச் சுமந்துசெல்கிறது. தவில்காரர் வலக்கை விரல்களில் கூடு மாட்டிக்கொண்டிருந்தபோது அனுமதி கேட்டு அருகில் உட்கார்ந்தேன். துணியைப் பசையில் தோய்த்து விரலளவுக்குச் சுற்றி, காயவைத்து, கல்லைப் போல் இறுகச் செய்த உறைகள் அவை. ஒவ்வொன்றாக எடுத்து, விரலில் அழுத்தி மாட்டி, தவிலின் வலப்பக்கத் தோலான வலந்தலையில் ஒரு முறை தட்டிப் பார்த்து, திருப்தி இல்லையென்றால் கழற்றி மீண்டும் மாட்டினார். இடக்கைக்குக் குச்சி. இரண்டு கைகளும் இரண்டு விதமான வேலை செய்வதை இவ்வளவு அருகிலிருந்து நான் பார்த்ததில்லை. நாதசுரக்காரர் ஊதுமுனையான சீவாளியை வாயில் வைத்து நனைத்துக்கொண்டே எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய நாதசுரம் நரசிங்கம்பேட்டையில் செய்தது என்று பெருமையோடு காட்டினார். ஆச்சா மரத்தில் கடைந்தெடுக்கும் அவ்வூர் நாதசுரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் முதிர்ந்த ஆச்சா மரமே சிறந்தது என்றும், அப்படிப்பட்ட மரம் இப்போது கிடைப்பது அரிது என்றும் அவர் சொன்னார்.

நான்கரை மணி வெளிச்சம் பக்கவாட்டில் வந்து, நாதசுரத்தின் விரிந்த அடிமுனையான அணைசின் விளிம்பில் பட்டுத் தெறித்தது. அந்த நேரத்தில் எடுத்த படங்களில் விழாவின் ஆரவாரம் எதுவும் இல்லை. கைகளும் கருவிகளும் மட்டுமே இருக்கின்றன.

கரகம் ஆடும் பெண்மணி சற்றுத் தள்ளி, திரைச்சீலைக்குப் பின்னால் ஒப்பனை செய்துகொண்டிருந்தார். அங்கே நான் போகவில்லை. ஒப்பனையை முடித்து வெளியே வந்தபின், “அக்கா, கரகத்தைத் தலையில் வைக்கும்போது ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா?” என்று கேட்டேன். “வைக்கிறப்ப எடுத்தா கண்ணை மூடிட்டு இருப்பேன். வச்சுட்டுத் திறப்பேன்ல, அப்ப எடுங்க தம்பி” என்றார். உண்மையில் அப்படித்தான் நடந்தது. அலங்கரித்த செம்பை இரண்டு கைகளாலும் உயர்த்தி உச்சந்தலையில் வைத்து, கண்களை மூடி, கழுத்தைச் சிறிதாக இப்படியும் அப்படியும் அசைத்து, எடையின் நடுவைக் கண்டுபிடித்தவுடன் கைகளை விலக்கிக் கண் திறந்தார். அந்தக் கண்களில் மேடைச் சிரிப்பு இன்னும் வந்திருக்கவில்லை. அந்த ஒரு படத்துக்காக இந்தப் பயணம் முழுவதும் தகும்.

ஆறு மணிக்கு நிகழ்ச்சி தொடங்கியது. பறைக்குழுவினர் நேராக மேடையேறாமல், பூங்காவின் வாயிலிலிருந்து நடைபாதை வழியே அடித்துக்கொண்டே வந்தார்கள். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் ஒதுங்கி நின்றார்கள். பிறகு பின்னால் நடந்தார்கள். மேடைக்கு முன்னிருந்த திறந்தவெளியை அடைந்தபோது தாமாகவே ஒரு வட்டம் அமைந்துவிட்டது. யாரும் கோடு போடவில்லை, யாரும் ஒழுங்குபடுத்தவில்லை. குழந்தைகள் முன்னால் உட்கார்ந்தார்கள், பெரியவர்கள் பின்னால் நின்றார்கள். ஊரில் கோயில் கொடை விழாவில் கூட்டம் எப்படி அமையுமோ அப்படியே அமைந்தது. மேடைக்கு அவர்கள் ஏறுவதற்கு முன் கிடைத்த அந்தப் பத்துப் பன்னிரண்டு நிமிடங்களில் வட்டத்தின் உள் விளிம்பில் குந்தி உட்கார்ந்தபடி, ஆட்டத்துக்கு இடைஞ்சலில்லாமல் இடம் மாறி மாறி எடுத்தேன். வட்டத்துக்குள்ளிருந்து எடுக்கும்போது கலைஞரின் பின்னணியில் இன்னொரு கலைஞரும், அவருக்கும் பின்னால் பார்ப்பவர்களின் முகங்களும் வருகின்றன. மேடைப் படத்தில் பின்னணியில் வருவது விளம்பரத் திரை.

பறையை எடுப்பதில் ஷட்டர் வேகம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. நொடியில் 500-இல் ஒரு பங்கு வைத்தால் குச்சி அந்தரத்தில் உறைந்து நிற்கும். படத்தில் கூர்மை இருக்கும், அடி இருக்காது. 60-இல் ஒரு பங்குக்குக் குறைத்து, முகம் ஒரு கணம் அசையாமல் நிற்கும்போது அழுத்தினால், இடக்கையிலுள்ள மெல்லிய சிண்டுக்குச்சி விசிறிபோல் விரிந்து மங்கலாகவும், வலக்கையின் தடித்த அடிக்குச்சி தோலைத் தொடும் இடத்தில் சற்றுத் தெளிவாகவும் பதிகிறது. அந்த மங்கலில்தான் ஓசை இருக்கிறது என்று நினைக்கிறேன். இப்படி எடுக்கும்போது பெரும்பாலான படங்கள் கழிவாகும். ஆனாலும் இதுவே சரியான வழி.

மேடை வெளிச்சத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இப்போது எல்லா இடங்களிலும் எல்.இ.டி. பார் விளக்குகளே வைக்கிறார்கள். ஊதாவும் அடர்நீலமும் மாறி மாறி விழும்போது மஞ்சள் பூசிய முகமும் குங்குமமும் பட்டுப்புடவையின் அரக்கும் தம் நிறத்தை இழந்துவிடுகின்றன. பிறகு கணினியில் எவ்வளவு திருத்தினாலும் அந்த நிறங்கள் மீள்வதில்லை, ஏனென்றால் அவை பதிவாகவே இல்லை. மேடைக்குப் பின்னால் ஒளிரும் பெருந்திரை வேறு. கேமராவின் ஒளியளவி அந்தத் திரையைக் கண்டு ஏமாந்து, முன்னால் நிற்கும் கறுத்த முகத்தை இருட்டாக்கிவிடுகிறது. திரை அணைந்து பின்னணி இருளானால் இதற்கு நேர்மாறாக முகம் வெளுத்துப்போகிறது. ஆகவே தானியங்கி முறையை விட்டுவிட்டு, வெண்ணிற விளக்கு விழும் தருணத்தில் முகத்தை மட்டும் அளந்து, அந்த அளவையே மாலை முழுவதும் வைத்துக்கொண்டேன். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், மலிவான விளக்குகளின் துடிப்பு படத்தில் பட்டைகளாக விழாமலிருக்க, ஷட்டரை 50-இல் அல்லது 100-இல் ஒரு பங்கில் நிறுத்துவது நல்லது. எலக்ட்ரானிக் ஷட்டரைத் தவிர்ப்பதும் நல்லது. ஒளியமைப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு: நாட்டார் கலைஞர்களின் உடையிலும் ஒப்பனையிலுமே தேவையான நிறங்கள் எல்லாம் இருக்கின்றன. அவர்கள் மேல் இளஞ்சூடான வெண்ணிற வெளிச்சம் ஒன்று விழுந்தால் போதும்.

எட்டு மணியளவில் கணியான் கூத்துக் குழு ஏறியது. எங்கள் பக்கத்துக் கலை என்பதால் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களில் சுடலைமாடன், முண்டன், இசக்கி கோயில் கொடைகளில் இரவு முழுவதும் நடப்பது இது. கதையைப் பாடி நடத்துபவர் அண்ணாவி. அவருக்குப் பின்பாட்டு ஒருவர். மகுடம் என்னும் தோல் கருவியை அடிப்பவர் இருவர். பெண் வேடமிட்டு ஆடும் ஆண்கள் இருவர். ஒரு மகுடம் உச்சம், மற்றது மந்தம். இரண்டும் பேசிக்கொள்ளும்போது அண்ணாவி காதருகே கையை வைத்துக் குரலை உயர்த்துகிறார். பூங்காவில் அவர்களுக்குக் கிடைத்தது அரை மணி நேரமும் இல்லை. சுடலைமாடன் கதை பிறப்பைத் தாண்டுமுன் அடுத்த நிகழ்ச்சிக்கு அறிவிப்பு வந்துவிட்டது.

இறங்கியபின் அவர்களிடம் போய்ப் பேசினேன். “எந்த ஊருண்ணாச்சி?” என்று நான் கேட்பதற்குள் என் பேச்சைக் கேட்டு அண்ணாவியே, “தம்பி நம்ம பக்கமா?” என்று கேட்டார். நேரம் போதவில்லையே என்று வருத்தப்பட்டேன். அவர் வருத்தப்படவில்லை. “இங்க இருக்கிற பிள்ளைக இதைப் பார்த்ததே இல்லை. மகுடம்னா என்னன்னு தெரிஞ்சுக்கிட்டா சரி. கதை கேக்கணும்னா கொடைக்குத்தான் வரணும்” என்றார். மகுடத்தைத் தொட்டுப் பார்க்க ஆசைப்பட்ட ஒரு சிறுமியிடம் மகுடக்காரர் அதைக் கையில் கொடுத்து, எப்படிப் பிடிப்பது, எந்த விரலால் தட்டுவது என்று காட்டிக்கொண்டிருந்தார். விழா மேடையில் இருந்தபோது கிடைக்காத படம் மேடையைவிட்டு இறங்கிய ஐந்தே நிமிடத்தில் கிடைத்தது.

மாட்டுப் பொங்கல்

இன்று வடசென்னை. மாம்பலத்தில் புறநகர் ரயில் ஏறிக் கடற்கரை நிலையத்தில் மாறி இராயபுரம் சேர்ந்தேன். 1856-இல் திறக்கப்பட்ட இராயபுரம் நிலையக் கட்டடத்தைப் பார்த்துவிட்டு ராபின்சன் பூங்காவுக்கு நடந்தேன். 1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கப் பொதுக்கூட்டம் நடந்த இடம் அது. இன்று அதற்கு அறிஞர் அண்ணா பூங்கா என்று பெயர். திறந்தவெளியில் நின்று கேட்பது இந்தப் பகுதி மக்களுக்குப் பழக்கமான ஒன்று.

நடேசன் பூங்காவின் கூட்டம் பார்க்கும் கூட்டம். இங்கே வந்தது சேர்ந்துகொள்ளும் கூட்டம். கொங்குப் பகுதியின் துடும்புக் குழுவினர் இடுப்பில் கட்டிய பெருங்கருவிகளை இரு குச்சிகளால் அறைந்தபோது, முன்வரிசையில் நின்ற இளைஞர்கள் ஆடத் தொடங்கி, கலைஞர்களும் அவர்களுக்கு ஏற்ப அடியின் வேகத்தைக் கூட்டினார்கள். துடும்பின் ஓசை காதில் விழுவதற்குமுன் மார்பில் விழுகிறது. நான் கேமராவைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்து, கூட்டமும் குழுவும் ஒன்றாகும்படி அகன்ற கோணத்தில் எடுத்தேன். இங்கே நெருக்கமான முகப்படங்களுக்கு இடமும் இல்லை, தேவையும் இல்லை.

ஒரு செய்தியை மட்டும் பதிவு செய்கிறேன். படமெடுக்க வந்தவர்கள் எண்ணிக்கை ஒவ்வொரு இடத்திலும் அதிகமாக இருக்கிறது, அது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் கலைஞரின் பாதையில் குறுக்கே நின்று, மற்றவர்களின் பார்வையை மறைத்து, ஆடுபவரைத் தம் பக்கம் திரும்பச் சொல்லிக் கையசைக்கும் வழக்கமும் கூடவே வளர்ந்திருக்கிறது. ஆட்டம் கேமராவுக்காகத் திரும்பினால் தாளம் உடைகிறது. பூங்காவில் பார்க்க வந்த ஒரு பாட்டிக்கும் நமக்கும் ஒரே உரிமைதான் இருக்கிறது. அவர் உட்கார்ந்திருக்கிறார், நாம் நிற்கிறோம் என்பதால் நம் பொறுப்பே அதிகம்.

காணும் பொங்கல்

நகரம் முழுவதும் மெரினாவை நோக்கி நடக்கும் நாள். அந்தத் திசைக்கே போகாமல், காலையில் லஸ் பக்கம் போய் நாகேஸ்வரராவ் பூங்காவில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் ஒலிபெருக்கி இல்லாமல் இளம் பாடகர்கள் கச்சேரி செய்யும் பூங்கா அது. இன்று கச்சேரி எதுவும் இல்லை. சதுரங்கம் ஆடுபவர்களும் நடப்பவர்களும் மட்டுமே இருந்தார்கள். ஒலிபெருக்கி இல்லாத இசைக்குப் பூங்கா எவ்வளவு ஏற்றது என்பதை அந்தக் கச்சேரிகளில் பார்த்திருக்கிறேன்: கேட்பவர்கள் நெருங்கி உட்காருகிறார்கள், பேச்சு தானாக அடங்குகிறது, ஷட்டர் ஓசைகூட உறுத்துகிறது. பறைக்கும் தவிலுக்கும் ஒலிபெருக்கியே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அவை ஊரை அழைப்பதற்காக உருவான கருவிகள். ஒலிவாங்கியை முன்னால் வைத்து அவற்றைப் பெருக்கும்போது தவிலின் வலந்தலைக்கும் இடப்பக்கத் தொப்பிக்கும் உள்ள வேறுபாடு கரைந்து, வெறும் இரைச்சல் மிஞ்சுகிறது. கணியான் கூத்தில் அண்ணாவியின் குரலுக்கு மட்டும் ஒலிவாங்கி கொடுத்து, மகுடங்களை அவற்றின் சொந்த ஓசையில் விட்டால் பூங்காவின் கடைசி மரம்வரை கேட்கும்.

பிறகு மேற்கு மாம்பலத்தில் திறந்திருந்த ஒரு ஸ்டுடியோவில் முந்தைய நாட்களின் படங்களில் சிலவற்றை அச்சிட்டு வாங்கிக்கொண்டேன். கலைஞர்களிடம் கேட்டபோது அவர்கள் அடிக்கடி சொன்ன ஒரு விஷயம்தான் இதற்குக் காரணம்: படமெடுப்பவர்கள் பலர், படத்தைக் கொடுத்தவர்கள் மிகச் சிலர். கைப்பேசிக்கு அனுப்பினால் போதும் என்று நாம் நினைக்கிறோம். ஆனால் நிகழ்ச்சி பேசி முடிக்க வருபவர்களிடம் எடுத்துக் காட்டவும், கலைஞர் நலவாரிய வேலைகளுக்குப் பயன்படவும், வீட்டுச் சுவரில் மாட்டவும் கையில் பிடிக்கும் படமே அவர்களுக்கு வேண்டும்.

இன்னொன்று பெயர். நாட்டார் கலைஞர்களின் படங்களுக்குக் கீழே ‘நாட்டுப்புறக் கலைஞர்கள்’ என்ற இரண்டு சொற்களோடு நிறுத்திக்கொள்வது வழக்கமாகிவிட்டது. கர்நாடக இசைக் கச்சேரிப் படத்துக்குக் கீழே ‘பாடகர்கள்’ என்று மட்டும் யாரும் எழுதுவதில்லை. வாய்ப்பாட்டு இன்னார், வயலின் இன்னார், மிருதங்கம் இன்னார் என்று கடம், கஞ்சிராவரை எழுதுகிறோம். அதே மரியாதை உச்ச மகுடம் அடிப்பவருக்கும் மந்த மகுடம் அடிப்பவருக்கும் உரியது. நான் எடுத்த ஒவ்வொருவரிடமும் பெயர், ஊர், கருவி, கற்றுக்கொடுத்தவர் ஆகிய நான்கையும் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன். அவர்களுடைய ஒப்புதலோடு படங்களின் கீழ் அவை இடம்பெறும். ஒப்புதல் தராதவர்களின் படங்கள் என்னிடமே இருக்கும்.

மாலையில் மீண்டும் நடேசன் பூங்கா. நிறைவு நாள் என்பதால் கூட்டம் அதிகம். கரகம் ஆடும் அக்காவிடம் படத்தைக் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, “இது நான் ஆடுறதுக்கு முன்னாடி” என்றார். “ஆமாம் அக்கா” என்றேன். “ஆடுறப்ப எடுத்த படம் நிறைய இருக்கு. இது இல்லை” என்று சொல்லி முந்தானையில் துடைத்து, ஒப்பனைப் பெட்டியின் மூடிக்குள் செருகிக்கொண்டார். தவில்காரர் தன் கைகளின் படத்தைப் பார்த்து, முகம் இல்லையே என்று கேட்டார். முகம் உள்ள படத்தையும் கொடுத்தபின்தான் அவருக்கு நிறைவு வந்தது. அவர் கேட்டது நியாயம். கைகளை மட்டும் எடுப்பது ஒளிப்படக்காரரின் விருப்பம். தொழில் செய்பவர் தன் முகம் தெரிய வேண்டும் என்று விரும்புகிறார். இனி இரண்டையும் எடுத்துக் கொடுப்பதென்று வைத்துக்கொண்டேன்.

பறைக்குழு இன்று மேடைக்கே ஏறவில்லை. மேடையில் வேறு நிகழ்ச்சிக்கான ஏற்பாடு நடந்துகொண்டிருந்ததால், கீழே திறந்தவெளியிலேயே முழு ஆட்டத்தையும் ஆடச் சொல்லிவிட்டார்கள். மேடைக்காகச் சுருக்கிய அடவுகள் மண்ணில் விரிந்தன. இரண்டு வரிசைகளாக எதிரெதிரே நின்று, ஒரு வரிசை கேள்வியாக அடிக்க மறு வரிசை பதிலாக அடித்தது. பிறகு இரண்டும் ஊடுருவிக் கலந்து வட்டமாயின. நடுவில் தீ மூட்டிப் பறைகளை மீண்டும் காய்ச்சியபோதுகூடக் கூட்டம் கலையவில்லை. காய்ச்சுவதையும் நிகழ்ச்சியின் பகுதியாகவே பார்த்துக்கொண்டு நின்றார்கள். முதல் நாள் மேடைக்குப் பின்னால் மறைவில் நடந்த வேலை இன்று எல்லார் முன்னிலையிலும் நடந்தது. ஒரு தந்தை தன் மகனைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, தோல் ஏன் காய வேண்டும் என்பதை விளக்கிக்கொண்டிருந்தார். விழா அமைப்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒரு யோசனை இருக்கிறது: அடுத்த ஆண்டு பூங்காக்களில் தோல் கருவிக் குழுக்களுக்காவது மேடையைக் கட்டாயமாக்காமல், தரையில் வட்டமாக இடம் விட்டு, நான்கு மூலைகளில் வெண்ணிற விளக்கை உயரத்தில் கட்டிக் கொடுக்கலாம். செலவும் குறையும்.

கணியான் குழு இன்று காலையே ஊர் திரும்பிவிட்டது. அவர்களுடைய படங்களை நானே ஊரில் கொண்டுபோய்க் கொடுப்பதாகத் தொலைபேசியில் சொன்னபோது, பங்குனியில் தங்களுக்கு ஒரு சுடலைமாடன் கொடை இருக்கிறது, அன்றைக்கு வந்துவிடுங்கள் என்று அண்ணாவி சொன்னார். கதை தொடங்குவது இரவு பத்து மணிக்குமேல், சாமபூசை நள்ளிரவில், சாமியாடி மயானத்துக்குப் போய்த் திரும்பும்வரை மகுடம் நிற்காது. கோயிலில் குழல்விளக்கு இரண்டே இரண்டு, மற்றதெல்லாம் தீவட்டி. கேமராவை முன்கூட்டியே ஊர்ப் பெரியவர்களிடம் காட்டி அனுமதி வாங்கிவிட வேண்டும், பூசை நேரத்தில் எடுக்கக் கூடாது என்றும் சொன்னார். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். நாளை இரவு நெல்லை எக்ஸ்பிரஸில் இருக்கை பதிவாகியிருக்கிறது. அதற்குமுன் பகலில் பறைக்குழுவின் படங்களை அவர்கள் ஊர் முகவரிக்குத் தபாலில் அனுப்ப வேண்டும்.